இராவணன் கோட்டை விளக்கு: கடலூர் நண்பரின் கேள்வியும் என் குறிப்புகளும்

கேள்வி: கடலூர் முதுநகர் நண்பர், ஜூன் 4

அண்ணே, என் தாத்தா சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். மெட்ராசிலிருந்து கொழும்பு போகும் வழியில் நடுக்கடலில் இராவணன் கோட்டை மேல் ஒரு விளக்கு எரியும், அடியில் தரையே தெரியாது என்று சொல்வார். நாங்கள் சிரிப்போம். இது உண்மையா, இல்லை தாத்தா விட்ட கதையா? உண்மை என்றால் நம்ம பாண்டி லைட் ஹவுஸை விடப் பழசா? பாண்டி விளக்கை மிஞ்சி இந்தப் பக்கம் எதுவும் இல்லை என்பது என் கட்சி.

ஜூன் 4, இரவு

உண்மைதான். இலங்கையின் தென்கிழக்கு மூலையில், கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் ஒரு பார், அதாவது பாறைத் திட்டு, இருக்கிறது. கப்பல் வரைபடத்தில் அதற்கு கிரேட் பாஸஸ் என்று பேர். அதற்குக் கிழக்கே இன்னொன்று, லிட்டில் பாஸஸ். சிங்களத்தில் மகா இராவண கோட்டுவ, குடா இராவண கோட்டுவ என்கிறார்கள். இராவணனின் கோட்டை கடலில் மூழ்கியது அங்கேதான் என்பது கதை. விளக்கு மட்டும் கதை இல்லை. பெரிய பாரில் 1873-லும் சின்னதில் 1878-லும் ஏற்றினார்கள்.

பாண்டி விளக்கு 1836. ஆக வயதில் நம் ஊர்தான் மூத்தது. கட்சியில் பாதி ஜெயித்துவிட்டீர்கள், மீதியை நாளை பார்ப்போம்.

ஜூன் 5

தாத்தாவின் கப்பல் ஏன் அங்கே போனது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மெட்ராஸ், பாண்டி, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் ஒரே கரை, கொழும்பு அந்தப் பக்கம். நேராகக் குறுக்கே போனால் என்ன?

போக முடியாது. பாக் நீரிணை ஆழமில்லாதது. தெற்கே போகப்போக இன்னும் மோசம், மணல் திட்டுகள். பாம்பன் வழியாகச் சின்னக் கப்பல் புகுந்து போகும். பாரம் ஏற்றியதும் ஒன்பது பத்து மீட்டர் தண்ணீருக்குள் அமிழ்கிற கப்பல் இலங்கையை முழுசாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். திருகோணமலையைத் தாண்டி, மட்டக்களப்பைத் தாண்டி, கிழக்குக் கரையோரமாகவே இறங்கி, மூலையில் மேற்கே திரும்ப வேண்டும். இராவணன் கோட்டை உட்கார்ந்திருப்பது சரியாக அந்தத் திருப்பத்தில்.

நான் சில வருடம் நிலக்கரிக் கப்பலில் டெக்கில் ஏபியாக, அதாவது தேர்ந்த மாலுமியாக, இருந்தேன். ஹால்தியாவிலும் பாரதீப்பிலும் ஏற்றித் தூத்துக்குடியில் கொட்டுவோம். இந்தியாவின் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போக இன்னொரு நாட்டையே சுற்றிப் போவோம். கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் பாதை.

ஜூன் 5, மாலை

சேதுக் கால்வாய் வந்திருந்தால் என்று ஆரம்பித்த இருவருக்கும்: வேண்டாம். அந்தப் பேச்சை எடுத்தால் விளக்கு கடலிலேயே நிற்கும், நாம் இங்கே ராமர் பக்கம், இராவணன் பக்கம் என்று பிரிந்து நிற்போம்.

ஜூன் 9

கட்டிய கதை. இதைத்தான் எழுதவேண்டும் என்று இருந்தேன், நேரம் கிடைக்கவில்லை.

அந்தப் பார் கரைக்கு இணையாகக் கிடக்கிறது. இருட்டில் கரையை ஒட்டி வருகிற மாலுமி ‘மூலை வந்துவிட்டது’ என்று கொஞ்சம் முன்னாலேயே திரும்பினால் நேராக அதன் மேல்தான் போய் ஏறுவான். பருவத்துக்குப் பருவம் நீரோட்டமும் மாறும். கணக்குப்படி இங்கே இருக்க வேண்டிய கப்பல் பல மைல் தள்ளி இருக்கும். பாறையோ தண்ணீர் மட்டத்துக்கு மேல் கொஞ்சம்தான் தலை தூக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அலை நுரை எது, பாறை எது என்று தெரியாது.

முதலில் 1850-களில் அலெக்சாண்டர் கார்டன் என்ற பொறியாளர் ஒரு திட்டம் போட்டார். கல் அடித்தளம், மேலே வார்ப்பிரும்புக் கோபுரம். அவர் அதில் கைதேர்ந்தவர். ஜமைக்காவுக்கும் பெர்முடாவுக்கும் இரும்புக் கோபுரங்களைத் துண்டு துண்டாக வார்த்து, கப்பலில் அனுப்பி, அங்கே போய்ப் பூட்டி நிறுத்திய ஆள். இங்கே அந்த வித்தை செல்லவில்லை. 40,000 பவுண்டு செலவான பிறகும் பாறை மேல் ஒரு வேலையும் ஆகவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்கள். நம் ஊரில் பாலம் கட்டும் செய்தி படிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பிறகு பொறுப்பு ட்ரினிட்டி ஹவுஸ் கைக்குப் போனது. இங்கிலாந்தின் விளக்குகளைப் பார்த்துக்கொள்கிற அமைப்பு அது. அங்கே ஜேம்ஸ் டக்ளஸ் இரும்பை ஒதுக்கிவிட்டு முழுக் கருங்கல் கோபுரம் வரைந்தார். களத்தில் நின்று கட்டியது அவர் தம்பி வில்லியம் டக்ளஸ். கல் ஸ்காட்லாந்தின் டால்பீட்டி ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கேயே செதுக்கி, பக்கத்துக் கல்லோடும் மேல் கீழ்க் கல்லோடும் கோத்துக்கொள்ளும்படி நாக்கும் குழியும் வெட்டி, கப்பலில் இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அலை எந்தப் பக்கம் மோதினாலும் ஒரு கல்லை மட்டும் தனியாக உருவ முடியாது. உருவினால் மொத்தக் கோபுரத்தையும்தான் உருவ வேண்டும்.

சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தது. 1870 மார்ச்சில் முதன்முதலாகப் பாறையில் கால் வைத்தார்கள். 1873 மார்ச்சில் விளக்கு எரிந்தது. மூன்று வருடம் என்றாலும் வருடம் முழுக்க வேலை நடக்காது. கடல் இறங்கவிடுகிற மாதங்களில்தான் வேலை. அதிலும் படகைப் பாறையோடு அணைக்க முடியாது, ஆளையும் கல்லையும் கயிற்றில் கட்டித் தூக்கி இறக்க வேண்டும். கோபுரத்தின் உயரம் சுமார் 37 மீட்டர்.

இந்த ஜேம்ஸ் டக்ளஸ்தான் பின்னால் 1882-ல் இங்கிலாந்தின் எட்டிஸ்டோன் பாறையில் இன்றும் நிற்கிற விளக்கைக் கட்டியவர். பெரிய பேர் அதனால்தான் வந்தது. தம்பி அயர்லாந்துக்குப் போய் ஃபாஸ்ட்நெட் விளக்கை வரைந்தார். விளக்குச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், பாஸஸுக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். என்னைக் கேட்டால் இதுதான் கடினமான வேலை. எட்டிஸ்டோனுக்குப் பக்கத்தில் பிளிமத் இருக்கிறது. ஒரு ஆணி குறைந்தால் போய் வாங்கி வரலாம். இங்கே கல் வந்த தூரத்தை யோசியுங்கள்.

ஜூன் 10

‘பார்த்தீர்களா, இரும்பு கடலுக்கு ஆகாது, நம் பாண்டி பழைய பாலமே சாட்சி’ என்று ஒரு ஐயா போட்டிருக்கிறார். 1866-ல் பிரெஞ்சுக்காரர்கள் கடலுக்குள் போட்ட இரும்புப் பாலம் 1952 புயலில் விழுந்ததைச் சொல்கிறார்.

ஐயா, எண்பத்தாறு வருடம் நின்ற பாலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? கார்டன் பெர்முடாவில் 1846-ல் நிறுத்திய இரும்புக் கோபுரம் இன்றும் நிற்கிறது. ஆனால் அது ஒரு குன்றின் மேல் நிற்கிறது, அலை அதைத் தொடாது. அலை வந்து மேலே ஏறுகிற பாறையில் கோபுரத்தைக் காப்பாற்றுவது அதன் கனம். இரும்புக் கோபுரம் உள்ளே காலி. கல் கோபுரத்தின் அடிப்பாகம் உள்ளே அறை கிறை எதுவும் இல்லாமல் ஒரே கல்லாக இருக்கும். அந்த வித்தியாசம்தான்.

1952-ல் விழுந்த பாலத்தின் தூண் தலைகள் கொஞ்ச காலம் தண்ணீருக்கு மேல் தெரிந்தன என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நாங்கள் சின்ன வயதில் தேடித் தேடிப் பார்ப்போம். ஆளாளுக்கு ஒரு இடத்தைக் காட்டுவோம்.

ஜூன் 16

‘1761-ல் பாண்டியில் விளக்கு இருந்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும்’ என்று நேற்று வந்ததைப் படித்துவிட்டுக் காபி சிந்திவிட்டேன்.

தம்பி, 1761 ஜனவரி 1 புயலில் இங்கே மூழ்கியது இங்கிலீஷ் கப்பல்கள். ஊரை முற்றுகையிட்டுக் கடலில் நின்றவை. சில அடியோடு மூழ்கின, சில அரியாங்குப்பம் பக்கம் கரையில் போய் மோதின. செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேலே. நீங்கள் சொல்கிற விளக்கு அன்றைக்கு எரிந்திருந்தால் முற்றுகைக்காரனுக்குத்தான் உதவியிருக்கும். அப்படியும் அவர்கள் மிச்சக் கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஜனவரி நடுவில் ஊர் அவர்கள் கைக்குப் போனது.

உண்மையில் விளக்கு யாருக்கும் உதவியிருக்காது. பாண்டியில் துறைமுகக் குடா கிடையாது. அப்போதெல்லாம் கப்பல் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் சலங்குப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். புயல் வந்தால் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடுவது ஒன்றே வழி. ஓடத் தாமதித்தவன் போனான். கடலூர்த் தேவனாம்பட்டினத்துக்கு எதிரே 1749 ஏப்ரலில் நாமூர் என்ற பெரிய போர்க்கப்பல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்களோடு மூழ்கியதும் இப்படித்தான். பாறையில் மோதவில்லை. நம் கரையில் மோத பாறை ஏது?

ஜூன் 17

நேற்றுக் கடைசியாக எழுதிய வரியை யோசித்துக்கொண்டே கடற்கரைச் சாலையில் நடந்தேன். காந்தி சிலை எதிரே பழைய லைட் ஹவுஸ் அடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

நம் கரை முழுக்க மணல். கடலிலிருந்து பார்த்தால் ஒரே கோடு, பனை, தென்னை, திரும்பவும் பனை. மலை இல்லை, முனை இல்லை. புதுச்சேரி எது, கடலூர் எது, பரங்கிப்பேட்டை எது என்று புதிதாக வருகிற மாலுமிக்குத் தெரியாது. ஆக 1836-ல் பிரெஞ்சுக்காரன் வைத்த விளக்கு ‘இதுதான் பாண்டி, இங்கே வா, நங்கூரம் போடு’ என்று கூப்பிடுகிற விளக்கு. இராவணன் கோட்டை விளக்கு ‘கிட்டே வராதே’ என்று விரட்டுகிற விளக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து எது பெரிசு என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

இதனால்தான் பாண்டி விளக்கு ஊருக்கு நடுவே, கட்டடங்களோடு கட்டடமாக நிற்கிறது. கட்டியவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே போயிருப்பார்கள். அதற்காக அதைக் குறைத்துச் சொல்லவில்லை. 1836 முதல் 1979 வரை எரிந்திருக்கிறது, நூற்று நாற்பது வருடத்துக்கு மேல். அதன் கீழே மூவண்ணக் கொடி இரண்டு வகையில் பறந்திருக்கிறது.

எனக்கு அதோடு ஒரு பழைய வழக்கு உண்டு. கப்பலிலிருந்து வந்த புதிதில் மேலே ஏறிப் பார்க்க ஆசைப்பட்டேன். கீழே பூட்டு. காவலில் இருந்தவர் ஒரு அலுவலகத்தைச் சொன்னார், அவர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள், அங்கே போனால் ‘நீங்கள் யார், எதற்கு ஏற வேண்டும்’ என்று விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். ‘பார்ப்பதற்கு’ என்று எழுதினேன். காரணம் போதாதாம்.

ஜூலை 2

இந்த இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். கடலூர் நண்பர் எழுப்பிவிட்டார்: ‘அண்ணே, இராவணன் கோட்டையில் புதையல் உண்டா?’

சிரிக்காதீர்கள், உண்டு. இராவணனுடையது இல்லை, ஔரங்கசீப் காலத்தது. 1961 மார்ச்சில் மைக் வில்சன் என்பவர் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு கிரேட் பாஸஸ் விளக்குப் பக்கம் முக்குளித்தார். இலங்கையில் குடியேறிய அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி அவர். கடலடியில் வெள்ளி ரூபாய்கள் கிடந்தன. சிதறிக் கிடந்தவை கொஞ்சம், பெரும்பகுதி கட்டி கட்டியாக. சாக்கு மக்கிப் போய், உள்ளே இருந்த காசு சாக்கின் வடிவத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருந்தது. சின்ன வெண்கலப் பீரங்கிகளும் கிடைத்தன. காசில் இருந்த ஹிஜ்ரி ஆண்டு 1113, அதாவது 1702 வாக்கில் அடித்தது. காசு அடித்த அக்கசாலை சூரத்.

எனக்கு இதில் பிடித்தது வெள்ளி இல்லை. பார் மேல் விளக்கு ஏற்றியபோது அந்தக் கப்பல் மூழ்கி நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. டக்ளஸின் ஆட்கள் கயிற்றில் தொங்கிக் கல் இறக்கிக்கொண்டிருந்த இடத்துக்குக் கீழேதான் அது கிடந்தது. விளக்குக் காவலர்களும் தொண்ணூறு வருடம் போல அதன் தலைமேலேயே சம்பளத்துக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

ஜூலை 3

சூரத்தில் அந்த ரூபாய் அடித்த அதே காலத்தில் கடலூரில் என்ன நடந்தது என்று கேட்டால் பக்கத்தில் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1690-ல் இங்கிலீஷ்காரர்கள் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு அளவுகோல் பீரங்கி. சுட்டால் குண்டு போய் விழுகிற இடம் வரை சேர்த்தி. கூட்டத்திலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டிருக்கிறார்கள். இன்றைக்கு மனை வாங்குகிறவர் யாரும் இதை முயற்சி செய்ய வேண்டாம்.

ஜூலை 3, பிற்பகல்

ஆம், இழையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் வரும் கலங்கரை விளக்கை யாரும் சொல்லவில்லையே என்று மனக்குறைப்பட்ட புலவருக்கும் வணக்கம். சொல்லியாயிற்று.

ஜூலை 20

‘அவ்வளவு செலவழித்துக் கடலில் விளக்கு வைத்தவனுக்கு என்ன லாபம்?’ நல்ல கேள்வி.

அந்த வழியாகப் போகிற கப்பல்களிடம் டன் கணக்கில் விளக்குக் கட்டணம் வாங்கினார்கள். அந்தப் பணத்தில்தான் பாஸஸ் விளக்குகள் ஓடின. பிறகு 1885-ல் அரபிக் கடலில் மினிக்காய் தீவில் ஒரு பெரிய விளக்கு கட்டினார்கள். சூயஸ் திறந்த பிறகு ஏடனிலிருந்து கொழும்பு வருகிற கப்பல் எல்லாம் மினிக்காயைத் தாண்டித்தான் வரும். அதுவும் பாஸஸோடு ஒரே கணக்கில் சேர்ந்தது. இலங்கையின் தென்கிழக்கே ஒரு பாறை, கேரளத்துக்கு மேற்கே ஒரு தீவு, இரண்டுக்கும் ஒரே பணப்பை.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. 1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகும் மினிக்காய் விளக்கு பிரிட்டிஷ் விளக்குத் துறையின் கையில்தான் இருந்தது. 1956-ல்தான் நம்மிடம் வந்தது. பாண்டியே 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரனிடமிருந்து வந்துவிட்டது. ஒரு முழு ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் ஒற்றை விளக்கு வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 11

வைத்திக்குப்பத்தில் என் மச்சான் படகு வைத்திருக்கிறான். ஜிபிஎஸ் இருக்கும்போது விளக்கு எதற்கு என்று இங்கே நடந்த சண்டையை அவனிடம் காட்டினேன். அவன் சிரித்துவிட்டு, ‘மாமா, விளக்கு எப்போ கண்ணுல படுதுன்னுதான் நாங்க பாப்போம்’ என்றான்.

அவன் சொன்னதில் கணக்கு இருக்கிறது. விளக்கு இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.08-ஆல் பெருக்கினால் அது அடிவானத்தில் மறைகிற தூரம் கடல் மைலில் கிடைக்கும். பார்க்கிறவன் கண் உயரத்துக்கும் அதே கணக்குப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். 1979-ல் தெற்கே கட்டிய புதிய பாண்டி விளக்கு சுமார் 48 மீட்டர். அதற்குப் பதினான்கு மைல். படகில் நிற்பவன் கண் தண்ணீரிலிருந்து இரண்டு மீட்டர் என்றால் மூன்று. ஆக, விளக்கு முதலில் பளிச்சென்று எட்டிப்பார்க்கிறபோது கரை பதினேழு கடல் மைலில் இருக்கிறது, ஏறக்குறைய 32 கிலோமீட்டர். டீசல் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம். மச்சான் வர்க்கமூலம் போடுவதில்லை, பழக்கத்தில் தெரிந்துவிடும்.

ஜூன் 17-ல் கூப்பிடுகிற விளக்கு, விரட்டுகிற விளக்கு என்று பிரித்தேன். கரைக்காரனுக்கு அந்தப் பிரிவு ஒத்துவராது போலிருக்கிறது. அவனுக்கு விளக்கு தூரம் சொல்கிற ஆள், வா போ என்பதெல்லாம் வெளியூர்க் கப்பலுக்கு.

அதே கணக்கு எங்கள் நிலக்கரிக் கப்பலுக்கும். பிரிட்ஜில் கண் உயரம் பதினாறு மீட்டர் போல. பாஸஸ் விளக்கு இருபது மைலில் தெரியும். நள்ளிரவு வாட்சில் லுக்-அவுட் நிற்கும்போது கப்பல் அதிகாரியான இரண்டாவது மேட் ‘வலப்பக்க முன்புறம் ஒன்று வரணும், பார்’ என்பார். முதலில் விளக்கு தெரியாது, மேகத்தின் அடியில் லேசாக ஒரு வெளுப்பு வந்து வந்து போகும். பிறகு புள்ளி. ரேடாரில் கரை ஒரு பக்கம், இது தனியாக ஒரு பக்கம். முதல் தடவை ஏதோ கப்பலின் கம்பத்து விளக்கு என்று நினைத்து ‘மாஸ்ட் லைட்’ என்று கத்தினேன். மேட் அதைத் துறைக்குத் துறை சொல்லிச் சிரித்தார்.

ஆகஸ்ட் 12

நேரில் போய்ப் பார்க்க வழி கேட்டவர்களுக்கு. இறங்க வேண்டிய ஊர் கிரிந்த, கதிர்காமத்துக்குத் தெற்கே கடலோரம். நம் பாண்டிக் கதிர்காமம் இல்லை, முருகனுடைய கதிர்காமம். டவுன் பஸ் போகாது. கடல் சும்மா இருப்பது இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே, மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை. முக்குளிப்பவர்கள் போவதும் அப்போதுதான். மற்ற மாதங்களில் படகுக்காரர் பணம் கொடுத்தாலும் வரமாட்டார். வருகிறேன் என்றால் நீங்கள் ஏறாதீர்கள். பாறையில் இறங்குகிற ஆசையை விட்டுவிடுங்கள், சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்.

நாகப்பட்டினத்திலிருந்து 2023-ல் தொடங்கிய கப்பலில் போகலாமே என்று கடலூர் நண்பர் ஆசையாகக் கேட்கிறார். போகலாம். ஆனால் அது இறக்கிவிடுவது காங்கேசன்துறையில், தீவின் வட நுனி. கிரிந்த தென்கிழக்கு மூலை. நடுவில் முழு இலங்கை இருக்கிறது. கொழும்புக்கு விமானம் ஏறி, திஸ்ஸமகாராமையில் அறை எடுத்துத் தங்குங்கள், கிரிந்த அங்கிருந்து பக்கம்.